பேசியதெல்லாம் விளம்பரமாக வருகிறதே, போன் ஒட்டுக்கேட்கிறதா?

கேள்வி: வீட்டில் அம்மாவிடம் கிரைண்டர் வாங்குவதைப் பற்றிப் பேசிய அன்று மாலையே என் ஆண்ட்ராய்டு போனில் கிரைண்டர் விளம்பரம் வந்துவிட்டது. போன் நம் பேச்சை ஒட்டுக்கேட்கிறதா? பூட்டுத் திரையிலும் படங்களும் செய்திகளும் வந்துகொண்டே இருக்கின்றன. மணி பார்க்க எடுத்தால் அரை மணி நேரம் போய்விடுகிறது. இதற்கு என்ன வழி?

பதில்: அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் விளம்பர நிறுவனங்களுக்கு ஒட்டுக்கேட்கும் சிரமமே தேவையில்லை. கூகுள் சேவைகளுடன் வரும் ஆண்ட்ராய்டு போன்களில் விளம்பரத்துக்கென்றே ஓர் அடையாள எண் உண்டு. நீங்கள் எதைத் தேடினீர்கள், எந்தப் பொருளைப் பார்த்தீர்கள் என்பதையெல்லாம் பல செயலிகள் அந்த எண்ணோடு சேர்த்து விளம்பர வலையமைப்புகளுக்கு அனுப்புகின்றன. அம்மா அதே வைஃபையில் தம் போனில் கிரைண்டர் விலையைப் பார்த்திருந்தால், ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் அடையாள எண்) வரும் இரண்டு போன்களும் ஒரே வீட்டுக்குரியவை என்று அவர்களால் ஊகிக்க முடியும். முன்பே கண்ணில் பட்டு மறந்துபோன ஒரு விளம்பரமே உங்கள் பேச்சைத் தொடங்கிவைத்திருக்கவும் கூடும். சந்தேகம் தீரவில்லையென்றால், ஆண்ட்ராய்டு 12 முதல், ஏதேனும் செயலி மைக்கைப் பயன்படுத்தும்போது திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தோன்றும் என்பதைக் கவனியுங்கள்.

அடையாள எண்ணை நீக்க, செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குள் ஆட்ஸ் என்பதைத் திறந்து, 'டெலீட் அட்வர்டைசிங் ஐடி' என்பதை அழுத்துங்கள். இதனால் விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. செயலிகளுக்கிடையே உங்களைப் பின்தொடர்வதுதான் கடினமாகும்.

பூட்டுத் திரையில் வருவது பெரும்பாலும் கிளான்ஸ் போன்ற சேவையாக இருக்கும். பல நிறுவனங்களின் போன்களில் இது தயாரிப்பிலேயே சேர்த்துத் தரப்படுகிறது. அழகான படம் என்று நினைத்து விட்டுவைக்காதீர்கள். மணி பார்க்க எடுத்தவரை உள்ளே இழுப்பதுதான் அதன் வேலை என்பதால், முதலில் அணைக்க வேண்டியது இதையே என்பேன். செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் அல்லது வால்பேப்பர் பகுதியில் இதற்கான பொத்தான் இருக்கும்.

வேறு வேலையாக இருக்கும்போது திடீரென முழுத்திரை விளம்பரம் பாய்ந்தால், அதை மூடிவிடாமல், சமீபத்தில் திறந்த செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்த விளம்பர அட்டையின் தலைப்பில் எந்தச் செயலியின் சின்னம் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுவே குற்றவாளி. டார்ச், கிளீனர், வால்பேப்பர் வகைச் செயலிகளே இதில் அடிக்கடி சிக்குகின்றன. அப்படிப்பட்டதை நீக்கிவிடுவதே நல்லது. அதில்லாமல் முடியாது என்றால், மற்ற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதியையாவது பறித்துவிடுங்கள்.

அடுத்து, போனை எடுக்கும் பழக்கம். டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில், நீங்கள் ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தீர்கள், எந்தச் செயலி எத்தனை அறிவிப்புகளை அனுப்பியது என்ற கணக்கு இருக்கும். செயலிகளுக்கு நேர வரம்பு வைப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஏனெனில் வைத்தவரே அதை இரண்டு தட்டில் எடுத்துவிடலாம். அறிவிப்பை நிறுத்துவது அதைவிடப் பலன் தரும். தேவையற்ற அறிவிப்பு வரும்போது அதன் மீது விரலை அழுத்திப் பிடித்தால், அந்தச் செயலியின் அறிவிப்பு வகைகள் திறக்கும். உணவு வரவழைக்கும் செயலிகள் பலவற்றில் ஆர்டர் நிலவரமும் சலுகை விளம்பரமும் தனித்தனி வகைகளாக இருப்பதால், இரண்டாவதை மட்டும் அணைத்துவிடலாம்.

விளம்பர அழைப்புகளுக்கும் எஸ்எம்எஸ்களுக்கும் வழி வேறு: அவற்றைத் தடுக்க, 1909 என்ற எண்ணுக்கு START 0 என்று ஆங்கிலத்தில் (கடைசியில் வருவது பூஜ்யம்) எஸ்எம்எஸ் அனுப்பும் முறை உண்டு, அந்த எண்ணுக்கே அழைத்தும் பதிவு செய்யலாம். செயலிகளின் அறிவிப்புகளையோ வாட்ஸ்அப்பையோ இது கட்டுப்படுத்தாது. வங்கி, யுபிஐ செயலிகளின் பணப் பரிமாற்ற அறிவிப்புகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்க வேண்டாம். உங்கள் கணக்கிலிருந்து தெரியாமல் பணம் போனால் முதலில் தெரியவருவது அவற்றின் மூலமாகத்தான்.