வெறுங்கூடை

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். கடந்த வாரம் வாழ்க்கையில் முதல் முறையாகத் தூண்டில் போடச் சென்றேன். மூன்று நண்பர்கள் அழைத்துப் போனார்கள். விடியும் முன்பே புறப்பட்டு ஏரிக்கரையில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்கும் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. என் தக்கை ஒரே ஒருமுறை அசைந்தது. இழுத்தேன். முள்ளில் மீனும் இல்லை, புழுவும் இல்லை. திரும்பும் வழியில் நான் வாடிப்போயிருந்ததைப் பார்த்து நண்பர்கள் சிரித்தார்கள். "மீனா முக்கியம்? அந்தக் காற்றும் அமைதியும்தான் முக்கியம். சீனாவில் ஒரு ஞானி வளையாத முள்ளைக் கட்டிக்கொண்டு தூண்டில் போட்டாராம், தெரியுமா?" என்றார் எங்களில் மூத்தவர். எனக்கு அது தோற்றவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதலாகவே பட்டது. மீன் கிடைக்காத பயணத்தில் மகிழ்ச்சி உண்டா, அல்லது நான்தான் ரசனை இல்லாதவனா? அடுத்த முறை, மீனை வாங்கி விட்டு வைத்திருக்கும் கட்டணக் குளத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே நிச்சயம் கிடைக்குமாம். பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவது சரியா என்ற குழப்பமும் இருக்கிறது. பேசினால் மீன் ஓடிவிடும் என்று ஏழு மணி நேரமும் என்னை வாய் திறக்க விடவில்லை. அதுவாவது உண்மையா?

அன்புடன்,
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் திறந்து கிடந்தது. ஒரு மாதமாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு உடனே எழுத உட்கார்ந்தேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களைப் பேச விடாதது அநியாயம். காற்றில் எழும் ஒலியின் ஆற்றலில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் இறங்கும். மீதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மீனை விரட்டுவது காலடி. மீனின் இரு பக்கமும் தலையிலிருந்து வால்வரை பக்கக்கோடு என்ற உணர்வுறுப்பு ஓடுகிறது. நீரில் எழும் மிகச் சிறிய அதிர்வும் அதற்கு எட்டும். கரையில் ஒருவர் தொம்மென்று நடந்தால் மண் வழியாக அது நீருக்குள் போய்விடும். இன்னொன்று, உங்கள் உருவம். நீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டச் சாளரத்துக்குள் அடங்கித் தெரிகிறது. கரையோரம் தாழ்ந்து உட்கார்ந்திருப்பவர் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிக் கிடப்பார். எழுந்து நின்றால் உள்ளே வந்துவிடுவார். ஏழு மணி நேரத்தில் உங்கள் நண்பர்கள் எத்தனை முறை எழுந்து நடந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மெல்லிய குரலில் நீங்கள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம். சேர்ந்து போய்விட்டு ஊமைகளாகத் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை.

மீனைத் திரும்ப விடுவதா என்பதை உங்களுக்காக நான் முடிவு செய்ய முடியாது. விடுவது என்றால் ஒழுங்காக விடுங்கள். எதிர்க்கொக்கி, அதாவது நுனியருகே பின்னோக்கி நீளும் சிறு கூர்முனை, இல்லாத முள்ளைக் கட்டுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை வழித்தெடுத்துவிடும், அந்தப் படலம்தான் நோயிலிருந்து அதைக் காக்கிறது. படம் எடுப்பதற்காக அதைக் காற்றில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இவ்வளவு சிரத்தை எடுக்க மனம் இல்லை என்றால் தூண்டிலைத் தொடவே வேண்டாம்.

இப்போது அந்தச் சீன ஞானிக்கு வருகிறேன். உங்கள் நண்பர் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது.

அந்த முதியவரின் பெயர் ஜியாங் ஸியா. சீனத்து மரபுக் கதை அவரை வெய் ஆற்றங்கரையில் உட்காரவைக்கிறது. வளையாத முள், இரை கிடையாது, முள் நீரைத் தொடவும் இல்லை. வழியில் போனவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, பலனை எதிர்பாராத துறவியாக அவரை ஆக்கிவிடுகிறார்கள். கதை அங்கே நிற்கவில்லை. அவர் காத்திருந்தது ஓர் அரசனுக்காக. அந்த விசித்திரத் தூண்டிலின் பேச்சு ஜோ நாட்டு மன்னன் வென்னின் காதுக்கு எட்டியது. அவன் தேடி வந்தான், முதியவரைத் தன் ஆலோசகராக அழைத்துப் போனான். அவன் மகன் காலத்தில், அப்போது சீனாவை ஆண்டுகொண்டிருந்த ஷாங் அரசகுலமே கவிழ்ந்தது. இவரைப் போல வேட்கையோடு காத்திருந்தவர் யார்? தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அந்த முள்ளும் அதற்கேற்றபடி செய்யப்பட்டதுதான். வேண்டாமை கற்பிக்க இந்தக் கதையை எடுப்பவர் அதை முழுதாகக் கேட்டதில்லை.

"மீனா முக்கியம்?" என்று கேட்பவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன், தம்பி. அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. ஆனால் அது பொய்தான். ஜெர்மனியில் மீன்வள ஆய்வாளர் ராபர்ட் ஆர்லிங்ஹவுஸ் தூண்டில்காரர்களிடம் நடத்திய ஆய்வை 2006-இல் வெளியிட்டார். ஏன் போகிறீர்கள் என்றால் இயற்கை, அமைதி, ஓய்வு என்றே பெரும்பாலும் பதில் வந்தது. அவர்களுடைய மனநிறைவு எதைச் சார்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தபோது முன்னால் வந்து நின்றது மீன். வாய் ஒன்று சொல்கிறது, முகம் வேறொன்று சொல்கிறது. நீங்கள் வாடிய முகத்தோடு திரும்பினீர்களே, அந்த நான்கு பேரில் நேர்மையாக இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். ரசனை இல்லாதவன் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொண்டதற்கு உங்களைத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. காற்றும் அமைதியும் போதும் என்றால் தூண்டில் எதற்கு? வெறுங்கையோடு போய் உட்காரலாமே. அது நல்ல காரியம், நானும் செய்வேன். அதற்குப் பெயர் மீன்பிடிப்பு இல்லை. முள்ளில் புழுவைக் கோத்த நொடியில் நீங்கள் ஒன்றை வேண்டிவிட்டீர்கள். வேண்டியது கிடைக்காதபோது வலிக்கத்தான் செய்யும். அந்த வலியை மறைத்துச் சிரிக்கிறவர்கள், காலையில் இருட்டில் எழுந்து போனார்களே, அந்த ஆசையையும் சேர்த்தே மறுக்கிறார்கள்.

அப்படியானால் கட்டணக் குளத்துக்குப் போகலாமா என்று துள்ளாதீர்கள். போகாதீர்கள். வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞரின் குழு 2003-இல் குரங்குகளிடம் ஒன்றைக் கண்டது. ஓர் அடையாளத்தைக் காட்டுவார்கள், சற்று நேரம் கழித்து ஒரு துளி திரவம் வாயில் விழும், அல்லது விழாது. நிச்சயம் விழும் என்று தெரிந்தபோது, காத்திருக்கும் அந்த இடைவெளியில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அமைதியாக இருந்தன. நிச்சயம் விழாது என்றபோதும் அப்படியே. விழலாம், விழாமலும் போகலாம் என்று சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் அவற்றின் துடிப்பு மெல்ல மெல்ல ஏறி உச்சத்தைத் தொட்டது. நிச்சயமாகக் கிடைக்கும் குளத்தில் உங்களுக்கு மீன் இருக்கும், காத்திருத்தல் இருக்காது. இதே துடிப்புதான் சூதாடியையும் மேசையை விட்டு எழ விடாமல் செய்கிறது என்பதை நான் மறக்கவில்லை. சூதில் கிடைத்த வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு நம் முன்னோர் ஒப்பிட்டார்கள். ஆனால் பகடையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது கற்றுத் தராது. நீர் கற்றுத் தரும். இதை எனக்குக் காட்டியவர் என் சித்தப்பா. மேசையில் கிடக்கும் நோட்டுப் புத்தகம் அவருடையது.

ஒன்பது வயதிலிருந்து அவருக்குக் கூடை தூக்கிக்கொண்டு போனேன். வெறுங்கூடையோடு திரும்பும் நாளில் அவர் யாருடனும் பேசமாட்டார். கால் கழுவியதும் நேரே போய் அந்தப் புத்தகத்தைத்தான் எடுப்பார். "மேல்காற்று. நீர் கலங்கல். மூன்று முழ ஆழம். இரண்டு முறை கொத்தியது. இரண்டும் என் தவறு. முள் பெரியது." இப்படி ஒரு பக்கம் முழுக்க எழுதுவார். கூடை நிறைந்த நாட்களின் பக்கங்களில் எண் மட்டும் இருக்கிறது. பதினொன்று. பதினான்கு. வேறு ஒரு சொல்லும் இல்லை. வீட்டில் எல்லோரும் அவரைக் கேட்டார்கள், ஒரு மீனுக்காகவா இந்த முகம் என்று. ஆமாம், மீனுக்காகத்தான் என்பார். ஒருநாள்கூட அவர் அதை மறுத்ததில்லை.

தக்கையைப் படிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். தக்கை முங்கினால்தான் மீன் என்று புதியவர்கள் நினைப்பார்கள். அடிமண்ணில் மேயும் மீன் தலையைக் கீழே சாய்த்து இரையை வாயில் எடுக்கும். பிறகு உடலை நிமிர்த்தும். அப்போது தூண்டில் நரம்பில் கட்டிய ஈயக்குண்டும் தரையிலிருந்து கூடவே மேலே வரும். ஈயத்தின் பாரம் விலகியதும் தக்கை மேலே எழும்பி, நீரில் படுத்துவிடும். அந்த நேரத்தில் சுண்ட வேண்டும். முங்கட்டும் என்று காத்திருந்தால் மீன் ஈயத்தின் கனத்தை உணர்ந்து இரையைத் துப்பிவிடும். "எழுவதுதான் கடி" என்று அவர் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

கடைசி இரண்டு ஆண்டுகளில் அவருக்குப் பார்வை மங்கியது. முதலில் தூரத்து மரங்கள் போயின, பிறகு தக்கை போனது. அவர் தூண்டிலை விடவில்லை. கோலை அவர் பிடிப்பார், பக்கத்தில் உட்கார்ந்து நான் தக்கையைச் சொல்ல வேண்டும். "நிற்கிறது. நிற்கிறது. இடப்பக்கம் சாய்கிறது. நிமிர்ந்துவிட்டது." எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவ்வளவு கவனமாக எதையும் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தக்கையைச் சுற்றி விரியும் வளையம் காற்றால் வந்ததா, கீழிருந்து வந்ததா என்று அவர் கேட்பார். பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. ஒருநாள் மூன்று மணி நேரம் ஒன்றும் அசையவில்லை. ஒரு தட்டான் வந்து தக்கையின் நுனியில் உட்கார்ந்தது. அதையும் சொன்னேன். "என்ன நிறம்?" என்றார். சிவப்பு என்றேன். வெகு நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அது பறந்தது. தக்கை எழுந்தது. தட்டானின் பாரம் விலகியதால் எழுகிறது என்று நினைத்துவிட்டேன். ஒரு மூச்சு நேரம் பொறுத்துவிட்டு, அது முழுதாகப் படுத்த பிறகுதான் சொன்னேன். அவர் சுண்டினார். கோல் ஒரு கணம் வளைந்து நிமிர்ந்துவிட்டது. வெறும் முள் வந்தது.

"உனக்குத்தானே கண் இருக்கிறது!" என்று என்னைத் திட்டினார். கரையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீடு வரை நான் அழுதுகொண்டே நடந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஒரு வார்த்தையும் ஆறுதல் சொல்லவில்லை.

பல ஆண்டுகள் அதை அவருடைய கடுமை என்றே நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. "பரவாயில்லை அம்மா, மீனா முக்கியம்?" என்று அவர் அன்று தேற்றியிருந்தால், பார்வை போன ஒரு முதியவருக்குத் துணைக்கு உட்கார்ந்திருந்த பெண்ணாக மட்டும் நான் ஆகியிருப்பேன். அவர் கோபப்பட்டார். அவருடைய தூண்டிலில் நான் ஒரு பாதி என்று உண்மையாகவே நம்பினார். அந்த மீன் அவருக்கு வேண்டும், அதை நான் தவறவிட்டேன். உங்கள் நண்பர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்ததாக எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு ஏன் அப்படிச் சுருக்கென்றது என்று இப்போது உங்களுக்கு விளங்கும். ஒருவராவது உங்களோடு சேர்ந்து வருத்தப்பட்டிருக்க வேண்டும்.

அன்று இரவு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அந்தப் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. "காற்று இல்லை. நீர் தெளிவு. சிவப்புத் தட்டான். தக்கை எழுந்து படுத்தது. சொல்லத் தாமதம். மீன் பெரியது." பெரியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். கோலைப் பிடித்திருந்த கையை விரித்துக் காட்டினார்.

உங்கள் கேள்வியிலிருந்து வெகு தூரம் வந்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். புழு இல்லாத முள் வந்தது என்கிறீர்கள். அப்படியென்றால், நீங்கள் புழுவைச் சரியாகக் கோத்திருந்தால், கீழே ஏதோ ஒன்று அதை எடுத்திருக்கிறது. தக்கை அசைந்தது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எப்படி அசைந்தது, தம்பி? முங்கியதா, எழுந்து படுத்ததா? அசைந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து இழுத்தீர்கள்? நினைவிருக்கும்போதே எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா