பில் விதர்ஸ்: கேள்விகளும் பதில்களும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் பாட்டெழுதிய ஒருவரைப் பற்றி விரிவாகப் பேசச் சொன்னால் நான் யோசிக்காமல் பில் விதர்ஸைத்தான் எடுப்பேன். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பாட்டெழுதுபவர் என்றால் நம் சினிமாப் பாடலாசிரியர் மாதிரியா?

இல்லை. நம் சினிமாவில் மெட்டு ஒருவர் போடுவார், வரிகள் இன்னொருவர் எழுதுவார். அங்கே பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வரும். விதர்ஸ் பாடவும் செய்தார். சில பாட்டுகளை மற்றவர்களோடு சேர்ந்து எழுதினார். 'லவ்லி டே' ஸ்கிப் ஸ்கார்பரோவுடன் எழுதியது. 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' ரால்ஃப் மெக்டொனால்ட், வில்லியம் சால்டர் இருவருடன்.

கேள்வி: சோல் என்றால் என்ன? ஒரு வரியில் சொல்லுங்கள்.

கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு முறையில் காதலையும் அன்றாட வாழ்க்கையையும் பாடுவது. மீதியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கு 31 வயது. இப்போதுதான் மெட்டுப் போட ஆரம்பித்திருக்கிறேன். தாமதமா?

விதர்ஸின் முதல் ஆல்பம் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' 1971இல் வந்தபோது அவருக்கு 32 வயது. அதற்கு முன் என்ன செய்தார் என்று பாருங்கள். 1938இல் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். 13 வயதில் அப்பாவை இழந்தார். அப்புறம் கடற்படையில் 9 வருடம். 28 வயது வரை பேச்சு திக்கும். 1967இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய், விமானங்களுக்குக் கழிப்பறை இருக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசில் மாதிரிப் பாட்டுகளைப் பதிவு செய்தார். அடகுக் கடையில் ஒரு கிதார் வாங்கி, தானே கற்றுக்கொண்டார்.

அந்த ஆல்பத்தின் அட்டையைத் தேடிப் பாருங்கள். செங்கல் சுவரின் முன்னால், கையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கிறார். வேலைக்கு நடுவே சாப்பாட்டு இடைவேளையில், அதே தொழிற்சாலையில் எடுத்த படம். இசைத் தொழில் நிலையில்லாதது என்று அவர் உடனே வேலையை விடவில்லை. நீங்களும் வேலையை விடாமல் எழுதுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

கேள்வி: 'எய்ன்ட் நோ சன்ஷைன்' பாட்டில் 'ஐ நோ' என்பதை ஏன் அத்தனை தடவை பாடுகிறார்?

26 தடவை. அந்த இடத்தில் வேறு வரிகள் எழுதுவதாக இருந்தார். வரிகள் வரும்வரை இடத்தை நிரப்பத்தான் 'ஐ நோ'. ஸ்டுடியோவில் இருந்தவர்கள் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். தயாரித்தவர் புக்கர் டி. ஜோன்ஸ், கிதாரில் ஸ்டீபன் ஸ்டில்ஸ். இவ்வளவு அனுபவமுள்ளவர்கள் சொல்லும்போது தொழிற்சாலைக்காரன் நான் என்ன சொல்வது என்று விட்டுவிட்டதாகப் பின்னாளில் சொன்னார்.

கண்ணை மூடிக் கேட்டால் அது எவ்வளவு சரியான முடிவு என்று புரியும். அந்த இடத்தில் வாத்தியமெல்லாம் ஏறக்குறைய ஒதுங்கிவிடும், தாளம் மட்டும் கூட வரும். மூச்சு விட இடமில்லாமல் ஒரே சொல்லை அடுக்கிக்கொண்டே போகிறார். காதலியை விட்டுவிட வேண்டும் என்று தெரியும், ஆனால் முடியவில்லை. அந்தத் தவிப்பை வேறு எந்த வரி எழுதியிருந்தாலும் இந்த அளவுக்குச் சொல்லியிருக்காது. மொத்தப் பாட்டே சுமார் இரண்டு நிமிடம்தான். இசைத்தட்டில் இது பின்பக்கப் பாட்டு. வானொலிக்காரர்கள் திருப்பிப் போட்டதால்தான் ஊரெல்லாம் கேட்டது. அமெரிக்காவின் பிரபல பாட்டுப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போய், கிராமி விருதும் வாங்கியது.

கேள்வி: எனக்கு இசைப் பயிற்சி குறைவு. எளிமையான மெட்டுக்கு மதிப்பு உண்டா?

'லீன் ஆன் மீ' மெட்டைப் பாடிப் பாருங்கள். ச ச ரி க ம என்று ஏறி, ம க ரி ச என்று இறங்கும். நம் பிள்ளைகள் சரளி வரிசையில் முதல் நாள் பாடுவது போலத்தான். புதிதாக வாங்கிய மின் பியானோவில் விரல்களை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தபோது வந்த மெட்டு அது. பெரிய நகரத்துக்கு வந்தபின், ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் சொந்த ஊர்ப் பழக்கத்தை நினைத்து எழுதினார். 1972 ஜூலையில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. மெட்டு யார் வாயிலும் நிற்கும் என்பதால்தான் பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் இன்றும் கூட்டமாகப் பாடுகிறார்கள்.

கேள்வி: இவ்வளவு வெற்றி பெற்றவர் 1985க்குப் பிறகு ஏன் ஆல்பமே போடவில்லை? வருமானம்?

முதலில் அவரை எடுத்த சிறிய இசைத்தட்டுக் கம்பெனி சஸெக்ஸ் 1975இல் மூடப்பட்டது. அப்புறம் கொலம்பியா என்ற பெரிய கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் கொண்டுபோன பாட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். எல்விஸ் பாடிய ஒரு பாட்டைத் திரும்பப் பாடச் சொன்னதை அவர் மறக்கவே இல்லை. 1978க்கும் 1985க்கும் இடையில் அவர் பெயரில் ஒரு புதிய ஆல்பமும் இல்லை. 1985இல் கடைசி ஆல்பத்தோடு ஒதுங்கிக்கொண்டார். தன் பாட்டைத் தன் மனசுப்படி செய்ய முடியாத இடத்தில் இருக்க மறுத்தார் என்றுதான் நான் பார்க்கிறேன். அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

வருமானம் எழுதிய உரிமையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம், பாடியவருக்குக் கிடையாது. யார் திரும்பப் பாடினாலும் எழுதியவருக்குப் பங்கு உண்டு. 1987இல் கிளப் நூவோ என்ற குழு 'லீன் ஆன் மீ' பாட்டை மறுபடி முதலிடத்துக்குக் கொண்டுபோனது. எழுதியவர் என்ற முறையில் கிராமி விதர்ஸுக்குப் போனது. 1996இல் பிளாக்ஸ்ட்ரீட் என்ற குழு போட்ட 'நோ டிகிட்டி' பாட்டில் ஓடும் அந்த முனகல், அவருடைய 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பாட்டிலிருந்து எடுத்தது. உரிமையை மனைவி மார்சியா கவனித்துக்கொண்டார். பாட்டெழுதும் தம்பி தங்கைகளே, எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடும் முன் உரிமை யாருக்கு என்ற பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

1972 அக்டோபரில் நியூயார்க் கார்னகி ஹாலில் பதிவான நேரடிக் கச்சேரி. 2020இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று நான் கேட்டதும் அதுதான். அதில் 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட் ஹேண்டட்' என்றொரு பாட்டு வரும். வியட்நாம் போரில் வலது கையை இழந்த இளைஞன், அம்மாவுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி இன்னொருவரிடம் கேட்கிறான். பாடுவதற்கு முன் விதர்ஸ் கொஞ்ச நேரம் பேசுவார். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பேச்சு எங்கே முடிந்தது, பாட்டு எங்கே தொடங்கியது என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.