நாலு சில்லும் இழுக்கும், நிற்பாட்டுமா?

கேள்வி: மகனுக்கு 18 வயது. ஜூலையில் ஜி2 (தனியாக ஓடலாம் என்கிற ஒன்ராறியோவின் இரண்டாம் கட்ட லைசென்ஸ்) எடுத்தான். ஜனவரி முதல் ஸ்காபரோவிலிருந்து ஒஷாவாவில் உள்ள பல்கலைக்கழகத்துக்குத் தனியாகக் கார் ஓடப்போகிறான். எங்களுடையது ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி, ஆல் சீசன் ரயர். "நாலு சில்லும் இழுக்கிற வாகனத்துக்கு வின்ரர் ரயர் எதற்கு?" என்கிறார் கணவர். சரியா? பனியில் ஓட அவனை எப்படிப் பழக்குவது?

பதில்: கணவர் சொல்வதில் பாதி சரி. பனி மூடிய டிரைவ்வேயிலிருந்து வெளியே வரவும், பச்சை விழுந்ததும் சில்லு சுழலாமல் கிளம்பவும் ஆல் வீல் டிரைவ் உதவும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நாலு சில்லுக்கும்தான் இருக்கிறது. நிற்பாட்டும்போது உங்கள் எஸ்யூவிக்கு எந்தச் சலுகையும் இல்லை. சுலபமாகக் கிளம்பிவிட்ட பிள்ளை, வீதி நன்றாகத்தான் இருக்கிறது என்று வேகம் எடுப்பான். அடுத்த சிவப்பு லைட்டில்தான் விஷயம் தெரியவரும்.

ஆல் சீசன் ரயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். வின்ரர் ரயர் அந்தக் குளிரிலும் இளக்கமாக இருந்து வீதியைப் பிடிக்கும். வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். நாலும் போட வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் போட வேண்டும் என்பது சட்டம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் வின்ரர் ரயர் போட்டால் இன்சூரன்ஸில் கழிவு உண்டு. நீங்களாகவே போன் பண்ணிக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் பழக்கம். முதல் பனி விழுந்த ஞாயிறு காலை, அனுமதி கேட்டு, மின்கம்பம் இல்லாத ஒரு வெறும் பார்க்கிங் திடலுக்கு மகனைக் கூட்டிப் போங்கள். 30 கிலோமீற்றர் வேகத்தில் நேராக ஓடவிட்டு, "இப்ப பிரேக்கை மிதி" என்று சொல்லுங்கள். பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும், ஏதோ உடைவது போலச் சத்தம் வரும். அது ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சில்லு இறுகிப் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு, வேலை செய்கிற சத்தம். முதல் தடவை பயந்து காலை எடுத்துவிடுவான். எடுக்காமல் அழுத்திப் பிடிக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும். ஏபிஎஸ் இல்லாத கார்களில் பழகிய அப்பாமார் "விட்டு விட்டு மிதி" என்பார்கள். அந்தப் புத்திமதி அந்தக் கார்களுக்குத்தான். மிதித்த இடத்திலிருந்து கார் நின்ற இடம் வரை அவனையே நடந்து காலடி எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் பத்துத் தடவை சொல்வதைவிட அது மனதில் நிற்கும்.

கார் சறுக்கினால் அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய பக்கம் பார்த்து அந்தப் பக்கமே மெல்லத் திருப்ப வேண்டும். மோதப்போகும் கம்பத்தையே பார்த்தால் கை தன்பாட்டில் அங்கேதான் திருப்பும்.

நான் அதிகம் பயப்படுவது மைனஸ் 15 நாளுக்கு அல்ல, பூச்சியத்தைச் சுற்றி ஏறி இறங்குகிற நாளுக்குத்தான். பகலில் உருகிய தண்ணீர் இரவில் கண்ணாடித் தகடாக உறைந்துவிடும். பார்த்தால் வெறும் ஈரம் மாதிரி இருக்கும். பாலங்களுக்குக் கீழாலும் குளிர்காற்று அடிப்பதால் அவை முதலில் உறையும். உங்கள் மகனுக்கு 401 நெடுஞ்சாலையில் ரூஜ் ஆற்றுப் பாலம் வழியிலேயே இருக்கிறது. அங்கே லேன் மாறாமல், பிரேக் போடாமல், ஒரே வேகத்தில் கடக்கச் சொல்லுங்கள். வேகத்தைத் தானாகவே பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். நீல விளக்கு மினுக்கிக்கொண்டு பனி அள்ளும் வண்டிகள் வரிசையாகப் போனால் முந்த வேண்டாம். அவை தள்ளிவிட்ட வீதிதான் 401இலேயே நல்ல வீதி.

கூரைப் பனியையும் தட்ட வேண்டும், இல்லையேல் பிரேக் போடும்போது அது முன் கண்ணாடியில் வந்து விழும். பெற்றோல் அரைத் தாங்கிக்குக் குறையக்கூடாது. பனியில் சிக்கி எஞ்சினை ஓடவிட்டால், புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும், அடைத்திருந்தால் நச்சுப்புகை காருக்குள் வரும்.

காலையில் ஜன்னலால் பார்த்துவிட்டு அவன் தயங்கினால், "அப்பா இதைவிடப் பனியில் ஓடினவர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்காபரோவின் கில்ட்வூட் நிலையத்திலிருந்து ஒஷாவாவுக்குக் கோ பயணிகள் ரயில் ஓடுகிறது.