சுரைக்குடுக்கைக்குள் ஒரு மூங்கில் நாக்கு: கேள்வி பதில்

கே: பர்மாவின் சுரைக்குடுக்கை ஊதுகருவி ஒன்றைப் படத்தில் பார்த்தேன், பாம்பாட்டியின் மகுடி மாதிரி இருக்கிறது. பர்மாவிலும் மகுடி உண்டா அண்ணா?

ப: சுரைக்குடுக்கையும் மூங்கிலும் சேர்ந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது தம்பி. வித்தியாசம் நாக்கில், அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகட்டில் இருக்கிறது. மகுடியின் நாக்கு விளிம்பில் மோதி மோதி ஒலிக்கும், ஊதினால்தான் சத்தம். பர்மியர்கள் ஹ்ஞின் என்று சொல்லும் இந்தக் கருவியில், நாக்கு தன் இடுக்குக்குள் முன்னும் பின்னும் தடையில்லாமல் போய்வரும். அதனால் ஊதினாலும் ஒலிக்கும், உறிஞ்சினாலும் ஒலிக்கும். மூச்சு வாங்குவதற்காக இசையை நிறுத்த வேண்டியதே இல்லை. எனக்கு இதில் தீராத வியப்பு. ஆர்மோனியத்தைத் திறந்து ரீடை, அதாவது அதன் நாக்கைப் பார்த்திருந்தால் உடனே புரியும், இதுவும் அதே இனம்தான்.

கே: எத்தனை குழல்? விரல் எங்கே வைப்பார்கள்?

ப: பர்மாவின் ஷான் மாநில மலைகளில் லாகு மக்கள் வாசிக்கும் ‘நோ’ என்ற இந்த வகைக் கருவியில் 5 குழல்கள். குடுக்கையில் துளையிட்டுக் குழல்களைச் செருகி, சுற்றிலும் தேன்மெழுகால் அடைத்துவிடுவார்கள். குடுக்கையின் கழுத்துதான் ஊதுவாய். ஒவ்வொரு குழலிலும் ஒரு விரல்துளை. அது திறந்திருந்தால் உள்ளே நிற்கும் காற்று நாக்கின் சுருதிக்கு ஒத்துப்போகாது, குழல் ஊமையாகிவிடும். மூடினால் பேசும். புல்லாங்குழல் பழகிய கை முதலில் தடுமாறும். ஆனால் இரண்டு மூன்று குழல்களைச் சேர்த்து மூடினால் அத்தனையும் ஒன்றாக ஒலிக்கும். அடியில் திறந்திருக்கும் குழலின் வாயைக் கட்டைவிரலால் மூடித் திறந்தால் சுருதி வளையும்.

கே: ரொம்பப் பழைய கருவியா?

ப: ஆமாம். கி.பி. 802-இல், இன்றைய பர்மாவில் இருந்த பழைய பியூ நாட்டிலிருந்து சீனத்தின் தாங் வம்ச அரசவைக்கு ஓர் இசைக்குழு போனது. அவர்கள் கொண்டுபோன வாத்தியங்களைச் சீன வரலாற்று நூல் வரிசைப்படுத்துகிறது. 16 குழல் வைத்த சுரைக்குடுக்கைக் கருவி அதில் இருக்கிறது.

கே: எப்போது வாசிப்பார்கள்?

ப: லாகு புத்தாண்டில். ஊர் வட்டமாக ஆடும். வாசிப்பவரும் கூடவே ஆடுவார்.

கே: தாய்லாந்தின் சியாங் மாயில் ஒன்று வாங்கினேன். ஒரு குழல் மட்டும் சுருதி ஏறி நிற்கிறது. கத்தியால் சுரண்டலாமா சார்?

ப: அவசரப்படாதீர்கள். சுரண்டியது திரும்ப வராது. மெழுகை இளஞ்சூட்டில் இளக்கிக் குழலை வெளியே எடுங்கள். எச்சில் ஈரம் இருந்தால் நிழலில் உலரட்டும். அப்புறம் நாக்கின் நுனியில் கடுகில் பாதி அளவு மெழுகு வைத்துப் பாருங்கள், சுருதி இறங்கும். அதிகமாக இறங்கிவிட்டால் கொஞ்சம் கிள்ளி எடுத்துவிடுங்கள்.