பழைய வண்டிக்குப் புதுச் சாவி, பூட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டூப்ளிகேட் சாவி போட்டேன். கதவு திறக்கிறது, இக்னிஷன் மட்டும் திரும்ப மறுக்கிறது. பழைய சாவியையும் கொஞ்சம் ஆட்டினால்தான் திரும்புகிறது. சாவி போட்டவர் தவறா?

பெரும்பாலும் இல்லை. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். வாகனப் பூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் அதற்கான உயரத்துக்குச் சாவி கொண்டுவந்தால்தான் சாவி நுழையும் உருளை திரும்பும். ஒரு வெட்டின் ஆழத்துக்கும் அடுத்ததற்கும் பல வண்டிகளில் அரை மில்லிமீட்டர் அளவே வித்தியாசம். பல வருடம் உழைத்த சாவியில் அதில் பாதி போயிருக்கும். வெட்டும் இயந்திரத்தின் சிறு பிழையும் அதோடு கூடினால் சாவி திரும்பாது. கதவுப் பூட்டில் தகடுகள் குறைவாக இருப்பதால் அது பொறுத்துக்கொள்கிறது.

இதற்கு ஒரே நல்ல வழி, சாவியின் குறியீட்டு எண்ணை (வெட்டுகளின் ஆழத்தைக் குறிக்கும் எண்) கண்டுபிடித்து, கம்பெனி அளவுக்கே புதிதாக வெட்டுவது. அப்படி வந்த முதல் சாவியை ஓட்டப் பயன்படுத்தாமல் பத்திரமாக வையுங்கள். இனி எடுக்கும் நகல் எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். நகலிலிருந்து நகல் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: அந்த எண் எங்கே இருக்கும்?

வண்டி வாங்கியபோது சாவியோடு வந்த சிறு உலோக வில்லை, கையேட்டின் முதல் பக்கங்கள், அசல் சாவியின் தலை அல்லது தண்டு ஆகியவற்றை முதலில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் பூட்டையே பார்க்க வேண்டும். பல கார்களில் ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கக் கதவுப் பூட்டைக் கழற்றினால் உருளையின் உடம்பில் எண் பொறித்திருக்கும். 1950, 60களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இக்னிஷன் பூட்டின் முகத்திலேயே எஃப்.ஏ., எஃப்.எஸ். போன்ற எழுத்துகளோடு எண் தெரியும். எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, சாக்பீஸ் தூளைத் தேய்த்துத் துடையுங்கள். பள்ளத்தில் தூள் தங்கி எண் எழும்பும்.

வெளிக்கடையில் போட்ட சாவியின் தலையில் இருக்கும் எண் அந்த வெற்றுச் சாவியின் (வெட்டுவதற்கு முந்தைய சாவி) மாடல் எண்தான். அதைக் குறியீடு என்று எண்ணி வெட்டச் சொன்னால் காசும் நேரமும் வீண்.

கேள்வி: ஒரு சாவிகூட இல்லை. பூட்டை உடைத்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். ஸ்க்ரூடிரைவரை அடித்து இறக்கி இக்னிஷனைத் திருப்பினால், வெறும் சாவியோடு முடிய வேண்டிய செலவு ஸ்டியரிங் லாக் வரை போகும். அதிகம் புழங்காத பக்கத்துக் கதவின் உள்பலகையைக் கழற்றுங்கள். பூட்டுடன் இணைந்த கம்பியை விடுவித்து, பூட்டைப் பிடித்திருக்கும் லாட வடிவக் கிளிப்பைப் பக்கவாட்டில் தள்ளினால் உருளை வெளியே வரும். எண் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் சாவி செய்பவர் தகடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து ஆழத்தைக் குறித்துவிடுவார்.

கதவுப் பூட்டில் தெரிந்ததைவிட இக்னிஷனில் கூடுதலாக இரண்டு தகடுகள் இருந்து, ஆழம் நான்கு வகை என்றால், முயன்று பார்க்க வேண்டியவை அதிகபட்சம் 16 வெட்டுகள். வண்டியின் பதிவுச் சான்றையும் உங்கள் அடையாளச் சான்றையும் எடுத்துப் போங்கள். அதைக் கேட்காமல் சாவி போட்டுத் தருபவரிடம் நீங்களே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கேள்வி: சாவி இக்னிஷனுக்குள் உடைந்து, பாதி உள்ளே மாட்டிக்கொண்டது.

முதலில் உருளை எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். சாவியை வழக்கமாக உருவும் நிலைக்கு அது வந்தாக வேண்டும். மற்ற நிலைகளில் துண்டு வெளியே வராது. 'ஆன்' நிலையில் உடைந்திருந்தால், உள்ளே இருக்கும் துண்டு தகடுகளை இன்னும் சரியான உயரத்தில் பிடித்திருக்கும். அதனால் சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்பினாலே உருளை திரும்பிவிடும்.

பிறகு உலர்வகை மசகைக் கொஞ்சம் தெளித்து, நுண்ரம்பத்தின் மெல்லிய பிளேடு ஒன்றை, பற்கள் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி, சாவியின் வெட்டுப் பக்கத்தை ஒட்டி உள்ளே விடுங்கள். லேசாகத் திருகினால் பல் பித்தளையைக் கடிக்கும். நேராக, பொறுமையாக இழுங்கள். சூப்பர் க்ளூவை மட்டும் தொடாதீர்கள். அது சாவியை விட்டுவிட்டுத் தகடுகளை ஒட்டிவிடும். இரண்டு துண்டுகளையும் வைத்திருந்தால் வெட்டுகளை அளந்து புதுச்சாவி செய்துவிடலாம்.

கேள்வி: இக்னிஷன் பூட்டையே மாற்ற நினைக்கிறேன். கதவுக்கு ஒன்று, இக்னிஷனுக்கு ஒன்று என இரண்டு சாவி சுமக்க வேண்டுமா?

மாற்றும் முன் ஒரு சோதனை. ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். சக்கரம் எதிலாவது முட்டி ஸ்டியரிங் லாக் இறுகியிருந்தால் நல்ல பூட்டும் திரும்பாது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சாவி இன்னும் திரும்பும்போதே செய்துவிடுங்கள். பல வண்டிகளில் உருளையைப் பிடித்திருக்கும் சிறு ஊசி, சாவி முதல் நிலைக்குத் திரும்பினால்தான் அழுந்தும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஏர்பேக் இருந்தால் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். சாவியை முதல் நிலைக்குத் திருப்பி, சிறு துளை வழியே மெல்லிய கம்பியால் ஊசியை அழுத்தி, சாவியோடு சேர்த்து உருளையை இழுங்கள். சாவி இல்லாமல் இழுத்தால் சில வகைகளில் தகடும் ஸ்பிரிங்கும் தெறித்துப் போகும். ஆழமான தட்டின் மேல் வைத்து வேலை பாருங்கள்.

இரண்டு சாவி தேவையில்லை. புது உருளையில் உங்கள் பழைய சாவியின் அளவுக்குத் தகடுகளை மாற்றிக்கொள்ளலாம். சாவியைச் செருகியதும் எல்லாத் தகடும் உருளையின் பரப்போடு சமமாக இருக்க வேண்டும். துருத்துவதை எடுத்துவிட்டுச் சரியான ஆழ எண்ணுள்ள தகட்டைப் போடுங்கள். அரத்தால் தேய்த்துச் சமன் செய்வது குறுக்குவழி. திரும்பும், ஆனால் அந்தத் தகடு தன் வேலையைச் சரிவரச் செய்யாது. வேறு சாவிக்கும் பூட்டு இளகும். இந்தச் சோதனைக்குத் தேய்ந்த சாவி உதவாது, குறியீட்டில் வெட்டியதே வேண்டும்.

கேள்வி: புதுச் சாவியில் எஞ்சின் ஓரிரு நொடி ஓடி நின்றுவிடுகிறது.

வெட்டு சரி, சாவித் தலைக்குள் இருக்க வேண்டிய மின்னணுச் சிப் இல்லை அல்லது வண்டியில் பதிவாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு, சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் கட்டாயமானது. அதற்குச் சில வருடம் முன்பே பல மாடல்களில் வந்துவிட்டது. தொடக்கக் காலத்தின், எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பும் சிப்பை அப்படியே நகலெடுக்கலாம். பிந்தையவற்றை வண்டியின் கணினியில் பதிய வேண்டும். 1990களின் ஃபியட்டில் பதிவுக்கென்றே சிவப்புத் தலை மாஸ்டர் சாவி கொடுத்தார்கள். பழைய ஃபியட் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

1986 கார்வெட்டில் தொடங்கி ஜெனரல் மோட்டார்ஸ் பயன்படுத்திய முறை வேறு: சாவித் தண்டில் கறுப்புப் பொட்டாக ஒரு மின்தடை இருக்கும். மொத்தம் 15 மதிப்புகள். மல்டிமீட்டரால் அளந்து, அதே மதிப்புள்ள வெற்றுச் சாவியில் வெட்டுங்கள். தவறான மதிப்பு என்றால் ஸ்டார்ட்டரே சுற்றாது. சில நிமிடம் கழித்துத்தான் மறுபடி முயல முடியும்.

கேள்வி: பூட்டுக்கு எஞ்சின் ஆயில் விடலாமா?

கூடாது. தூசி ஒட்டிக் களிம்பாகும். கிராஃபைட் தூள் போதும். ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால் கழுவிக் காயவிட்ட பிறகே தூள் போடுங்கள்.