பிள்ளைக்க உடம்பு யார் கையில்? பெற்றோர் நம்பிக்கையை அளக்க முடியுமா?

கேள்வி: தக்கலை பக்கம் அங்கன்வாடிக்கு வரும் அம்மாக்களிடம், பிள்ளையின் நலம் யார் கையில் இருக்கிறதென்று நம்புகிறார்கள் எனக் கேட்டு அளக்கலாமா?

அளக்கலாம். 1978-ல் வால்ஸ்டன் தம்பதியும் டிவெல்லிஸும் பெரியவர்களுக்கு ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள்: என் நலம் என் கையில், டாக்டர் போன்றவர் கையில், அதிர்ஷ்டத்தின் கையில் என மூன்று பிரிவு. 1993-ல் பெற்றோருக்கென வந்ததில் ஆறு: பெற்றோர், பிள்ளை, மருத்துவர், ஊடகம், விதி, கடவுள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு ஒத்துக்கொள்கிறார் என்று மார்க் போட்டு, ஆறையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். மொத்தமாகக் கூட்டினால் போச்சு.

ஏன்னா, குளச்சலில் ஓர் அம்மா காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டபடி குருசடியில், அதாவது சிலுவை நிற்கும் சிறு கோயிலில், மெழுகுதிரி ஏற்றுவார். அதே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கும் போவார். கடவுளுக்கும் டாக்டருக்கும் மார்க் ஒருசேர ஏறும். முரண்பாடே இல்லை.

சிக்கல் இந்த ஆங்கில அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவருவதில்தான். கண்ணேறு பட்டதென்று மிளகாய் சுற்றிப் போடுகிறோமே, அது விதியா, கடவுளா? ரெண்டிலும் அடங்காது. நானாக இருந்தால் அதற்குத் தனியாக நாலு வாக்கியம் சேர்ப்பேன். நர்ஸை விட்டுக் கேட்க வைக்காதீர்கள். அவர் முன்னால் எல்லாரும் டாக்டருக்கே மார்க்கை அள்ளிப் போடுவார்கள்.