வாசகர் கேள்வி – பதில்: தோற்ற அணியின் கிழக்குப் பயணம்

கேள்வி: நேதாஜி விளையாட்டரங்கத்தில் மாலையில் பந்தாடும் எங்கள் குழுவில் அனைவரும் இங்கிலாந்துக் கால்பந்து அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்கள். 2025 மே மாதம் அந்த அணி கோலாலம்பூருக்கும் ஹாங்காங்கிற்கும் சென்று நட்பு ஆட்டங்கள் ஆடியது சரியா, தவறா என்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. "களைத்துப்போன அணியைக் காசுக்காக இழுத்துச் சென்றார்கள்" என்கிறது ஒரு பாதி. "நம் பக்கம் வந்ததே பெரிது" என்கிறது மறுபாதி. தங்கள் தீர்ப்பு என்ன?
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: முதல் பாதியினர் எப்போது போனார்கள் என்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், மறுபாதியினர் எங்கே போனார்கள் என்பதைப் பற்றிப் பேசுகிறார்கள், வாக்குவாதம் ஓயாததற்குக் காரணம் அதுவே.

நாட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மே 21 அன்று ஸ்பெயினின் பில்பாவ் நகரில் நடந்த ஐரோப்பியக் கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் இறுதி ஆட்டத்தில் டாட்டன்ஹாமிடம் 0-1 என்று யுனைடெட் தோற்றது. நம் நேரப்படி அது நள்ளிரவு 12.30க்குத் தொடங்கிய ஆட்டம் என்பதால், அக்னி நட்சத்திரப் புழுக்கத்தில் கண்விழித்துப் பார்த்த வேலூர்க்காரர்களுக்கு அந்த இரவு நன்றாகவே நினைவிருக்கும். அந்தத் தோல்வியோடு அடுத்த பருவத்தில் எந்த ஐரோப்பியப் போட்டியிலும் இடமில்லை என்பது உறுதியாயிற்று. மே 25 அன்று ஆஸ்டன் வில்லாவை 2-0 என்று வென்றும், இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீக் பட்டியலில் 42 புள்ளிகளுடன் 15ஆம் இடமே கிடைத்தது. அதற்கு மூன்றாம் நாள், மே 28 அன்று, அதே வீரர்கள் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் 70,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் வீரர்களைக் கொண்ட ஆசியான் நட்சத்திர அணியை எதிர்கொண்டு, மியான்மர் வீரர் மௌங் மௌங் ல்வின் அடித்த ஒரே கோலில் தோற்றார்கள். மே 30 அன்று ஹாங்காங் அணியை 3-1 என்று வென்றார்கள்.

ஜூலையில் நடக்கும் பருவத்துக்கு முந்தைய பயணத்திற்குக் கால்பந்து சார்ந்த காரணம் உண்டு: விடுமுறை முடிந்து வந்த கால்களுக்குப் பயிற்சி வேண்டும், புதிய வீரரைப் பழைய வீரரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், பயிற்சியாளர் தம் திட்டத்தைச் சோதிக்க வேண்டும். பருவம் முடிந்த மூன்றாம் நாளில் ஆடும் ஆட்டத்தில் இவை எதற்கும் இடமில்லை. சோதித்துப் பார்த்ததைப் பயன்படுத்த அடுத்த வாரம் என்று ஒன்றே இல்லை. ஆகவே காலத்தைப் பொறுத்தவரை முதல் பாதியினர் சொல்வதே சரி. இடத்தைப் பொறுத்தவரை மறுபாதியினரோடு எனக்கு வேறுபாடில்லை.

இது யுனைடெட்டின் கண்டுபிடிப்பும் அன்று. 2024இல் பருவம் மே 19 அன்று முடிய, மே 22 அன்று டாட்டன்ஹாமும் நியூகாசிலும் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் மைதானத்தில் மோதின. அப்போதும் நியூகாசிலின் முன்னாள் வீரர் ஆலன் ஷியரர் வெளிப்படையாகவே சாடினார். அந்த ஆண்டு ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோ போட்டி ஜூன் 14 அன்று தொடங்கவிருந்த நிலையில், உலகின் மறுகோடிக்குப் பறந்து திரும்பிய வீரர்களில் சிலர் அதிலும் ஆட வேண்டியவர்கள். டாட்டன்ஹாம் ஆட்டத்திற்கு இரண்டு நாள் கழித்து, அதே மெல்போர்னில், இளம் வீரர்கள் நிறைந்த நியூகாசில் அணி ஆஸ்திரேலிய லீகின் நட்சத்திர அணியிடம் 0-8 என்று தோற்றது. டிக்கெட் வாங்கியவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதற்கு அந்த எண்ணே போதும்.

கேள்வி: நான் ஏற்றுமதிக் காலணி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பணம் இல்லாமல் எந்த நிறுவனமும் நடக்காது. கிளப்பும் ஒரு நிறுவனம்தானே? சம்பாதிக்கப் போனதை ஏன் குற்றமாகப் பேச வேண்டும்?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: சம்பாதிப்பதைக் குற்றம் என்று நானும் சொல்லவில்லை. 2024 ஜூனில் முடிந்த நிதியாண்டில் யுனைடெட்டின் நட்டம் 11.3 கோடி பவுண்டுக்கும் மேல். மூன்று பருவங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிளப்பின் நட்டம் 10.5 கோடி பவுண்டைத் தாண்டக்கூடாது என்பது அப்போது நடைமுறையில் இருந்த பிரீமியர் லீக் விதி. அதில் இளைஞர் அணி, மகளிர் அணி, கட்டுமானம் போன்ற சில செலவுகளுக்கு விலக்கு உண்டு என்றாலும் நெருக்கடி மெய்யானதே. ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் வேலையிழந்தார்கள். பருவத்தின் நடுவில் உறுப்பினர்களுக்கான எஞ்சிய டிக்கெட்டின் குறைந்த விலை 66 பவுண்டு என்று உயர்த்தப்பட்டது. சிறுவருக்கும் முதியவருக்கும் சலுகை கிடையாது என்றதும் ரசிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கோலாலம்பூர்ப் பயணம் அதே கணக்கின் இன்னொரு வரி என்றே நான் பார்க்கிறேன்.

ஆனால் உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிளாக ஒரு ஜோடியைக் காட்டி ஆர்டர் வாங்கிவிட்டு, பெட்டியில் வேறு சரக்கை ஏற்றி அனுப்பினால் வெளிநாட்டு பையர் சும்மா இருப்பாரா? சுற்றுப்பயண விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் முகங்கள் அரை மணி நேரமேனும் ஆடும் என்ற உறுதி டிக்கெட்டில் எங்கும் அச்சாவதில்லை.

இதற்கு நீதிமன்றம் வரை சென்ற முன்னுதாரணமே இருக்கிறது. 2019 ஜூலை 26 அன்று சியோலில் யுவென்டஸ் அணி கொரிய லீகின் நட்சத்திர அணியோடு ஆடியது. கிறிஸ்டியானோ ரொனால்டோ குறைந்தது 45 நிமிடம் ஆடுவார் என்ற நிபந்தனையோடு அறிவிக்கப்பட்ட ஆட்டத்தில், அவர் ஒரு நிமிடம்கூட இறங்காமல் பெஞ்சில் அமர்ந்திருந்தார். ஆட்டம் 3-3 என்று முடிந்தது; கோல்களுக்குக் குறைவில்லை, ஆயினும் கூட்டத்தின் கோபம் தணியவில்லை. வழக்குத் தொடுத்த இரண்டு ரசிகர்களுக்குத் தலா 3,71,000 வான் கொடுக்கும்படி 2020இல் இன்சியான் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டியவர் உள்ளூர் ஏற்பாட்டாளர் என்பதைக் கவனியுங்கள். கிளப் தன் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தது. 2024 பிப்ரவரியில் ஹாங்காங்கில் இன்டர் மயாமி அணிக்காக மெஸ்ஸி காயம் காரணமாக இறங்காதபோதும், டிக்கெட் விலையில் பாதியைத் திருப்பித் தருவதாக அறிவித்தவர் ஏற்பாட்டாளரே. மூன்றே நாளில் டோக்கியோவில் மெஸ்ஸி ஆடியது அந்தக் கோபத்தில் எண்ணெய் வார்த்தது.

கேள்வி: கோலாலம்பூரில் சொந்த ரசிகர்களே அணியைக் கூச்சலிட்டு அவமதித்தார்களே, அது முறையா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: முறைதான். பயிற்சியாளர் ரூபன் அமோரிம்கூட, அந்தக் கூச்சல் தங்களுக்குத் தேவைப்பட்டிருக்கலாம் என்ற பொருளில்தான் பேசினார். பணம் கொடுத்து வந்தவர் கைதட்ட மட்டுமே உரிமை பெற்றவர் என்று எந்த அரங்கத்திலும் விதி இல்லை.

கேள்வி: இணையத்தில் மான்செஸ்டர்க்காரர்கள் எங்களைப் போன்றவர்களைப் "பிளாஸ்டிக் ரசிகர்கள்", அதாவது போலி ரசிகர்கள், என்று ஏளனம் செய்கிறார்கள். எங்களுக்காகத்தான் அணி அலைக்கழிக்கப்படுகிறது என்றும் சொல்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?
– ஒரு கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: அவர்களுடைய கோபத்தில் ஒரு பாதியைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும். தலைமுறை தலைமுறையாக மழையில் நனைந்து யுனைடெட்டின் சொந்த அரங்கான ஓல்ட் டிராஃபோர்டு சென்றவருக்கு 66 பவுண்டு என்று விலை சொல்லிவிட்டு, அணியை விமானத்தில் ஏற்றி அனுப்பினால் அவருக்கு எரிச்சல் வராதா? அந்த எரிச்சல் உங்கள்மேல் திரும்பியதுதான் பிழை. பயண நாளைக் குறித்தது காட்பாடி மாணவரும் அல்லர், கோலாலம்பூர்க் கடைக்காரரும் அல்லர். 15ஆம் இடத்தில் முடியும் என்று தெரியாத நேரத்தில் கிளப் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. இறுதி ஆட்டத்தில் வென்றிருந்தாலும் அதே விமானத்தில் ஏறியிருப்பார்கள்.

மேலும், தோற்ற பருவத்திலும் நள்ளிரவில் விழித்திருந்து பார்த்தவரைப் பிளாஸ்டிக் என்று சொல்வது எனக்கு விளங்கவில்லை. உண்மையில் இந்தப் பயணத்தில் இரு ஊர் ரசிகர்களின் குறையும் ஒன்றே: இருவரிடமும் அதிக விலை கேட்டார்கள், இருவருக்கும் குறைந்த ஆட்டத்தைக் கொடுத்தார்கள். அவர்களோடு மல்லுக்கட்டுவதைவிட, அவர்களுடைய ரசிகர் அமைப்புகள் டிக்கெட் விலைக்கு எதிராக எப்படி ஒன்றுகூடினார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: இவ்வளவு ரசிகர்கள் இருந்தும் இந்தியாவில் ஏன் ஆடவில்லை? சென்னைக்கு ஒரு பெரிய கிளப் வந்தால் நாங்கள் போகலாமா?
– ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: அந்தப் பயணத்தில் இந்தியாவுக்கு வந்தது மூன்று வீரர்கள்: மாகுவாயர், டாலோ, ஒனானா. அவர்கள் மும்பைக்கு வந்தது விளம்பரதாரரின் நிகழ்ச்சிக்காக, பந்தாட்டத்திற்காக அன்று.

நம் நாட்டுக்குப் பெரிய அணிகள் வந்ததே இல்லை என்று எண்ண வேண்டாம். 1977இல் பெலேவின் நியூயார்க் காஸ்மாஸ், கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானுடன் ஆடி 2-2 என்று சமன் செய்தது. 2011இல் அர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் அதே நகரின் சால்ட் லேக் அரங்கில் மோதின. எனக்கு மிகவும் பிடித்தது 2008 மே 27 ஆட்டம்: அதே சால்ட் லேக் அரங்கில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக், மோகன் பகானை 3-0 என்று வென்றது. கவனித்தீர்களா, அதுவும் பருவம் முடிந்த பிறகு வந்த பயணமே. ஆனால் அது கோல்கீப்பர் ஆலிவர் கானின் பிரியாவிடை ஆட்டம் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றார்கள்; சொன்னபடியே கான் இறங்கினார்; லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுந்து நின்று வழியனுப்பினார்கள். 2025 டிசம்பரில் அதே அரங்கில் மெஸ்ஸியைக் காண ஆயிரக்கணக்கில் கொடுத்து வந்தவர்கள், அவரைச் சூழ்ந்த பிரமுகர் கூட்டத்தின் முதுகைப் பார்த்துவிட்டு நாற்காலிகளைப் பெயர்த்தெறிந்ததையும் மறக்க முடியாது.

ஆகவே சென்னை நேரு அரங்குக்கு ஒரு கிளப் வந்தால், சுவரொட்டியில் யார் முகம் இருக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன்பு தேதியைப் பாருங்கள். ஜூலைக் கடைசி என்றால், ஒரு வீரருக்காக என்று எண்ணாமல் அணிக்காக என்று எண்ணி வாங்கலாம். மே கடைசி என்றால், ஏன் வருகிறார்கள், யார் ஆடுவார்கள், ஆடாவிட்டால் பணம் திரும்ப வருமா என்று ஏற்பாட்டாளர் எழுத்தில் கொடுத்தாலொழிய, வாலாஜா ரோட்டில் ரயில் ஏற வேண்டாம் என்பதே என் யோசனை.